ஊருக்குப் பண்டிகைக்குப் போகிறீர்களா? முதலில் வறையைக் கேளுங்கள்

பண்டிகைக்கு யாழ்ப்பாணம் போய் வந்தவர்களிடம் அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் பொரித்த கோழி, ஃபிரைட் ரைஸ், ஒரு பெரிய போத்தல் சோடா என்பார்கள். இவ்வளவு காசு கொடுத்துப் பறந்துபோய்ச் சாப்பிடுகிற சாப்பாடா இது? ஆனால் சொந்தக்காரரைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுக்கு எங்கள் சாப்பாடு ஒத்துவராது என்று அவர்களாகவே முடிவெடுத்து, கடையில் வாங்கியாவது பெரிதாக எதையோ செய்து வைத்துவிடுவார்கள்.

எனக்கு இது விளங்கியது ஒரு தைப்பொங்கல் கிழமையில், பெரியம்மா வீட்டில். எங்களுக்கு மேசையில் ஏழெட்டுக் கறியுடன் விருந்து வைத்துவிட்டு, அவர் மட்டும் குசினியில் பலகைக்கட்டையில் குந்தியிருந்து கறுப்பாக எதையோ சோற்றுடன் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "உது வாழைக்காய்த் தோல் வறை பிள்ளை, கறிக்கு வெட்டினதிலை மிஞ்சின தோல். உதெல்லாம் நீங்கள் சாப்பிடுவியளே?" என்றார். வறை என்றால் பொடியாக அரிந்து, திருவிய தேங்காய்ப்பூ சேர்த்து ஈரம் வற்றப் பிரட்டுகிற கறி. பெரியம்மாவின் கோப்பையிலிருந்து ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டேன். மேசையில் இருந்த எல்லாக் கறியையும் விட அதுதான் அன்றைக்குத் திறம். அதிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் துரத்துவது பக்கக் கறிகளைத்தான்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய், உருளைக்கிழங்குப் பிரட்டல் எல்லாம் எந்த வீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், லண்டனிலும் ரொறன்ரோவிலும் அதே ருசிக்குச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறுவது வறை, சம்பல், பச்சடி, வடகம் போன்ற சின்னச் சாமான்கள். அந்த வீட்டு ருசியில் கடையில் கிடைக்காது, விருந்தாளிக்கு வைக்கவும் வெட்கப்படுவார்கள். ஆகவே கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு எந்தக் காலத்தில் எது இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தைப்பொங்கலுக்குப் (ஜனவரி 14 அல்லது 15) போகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஒக்டோபரில் தொடங்கும் மாரிமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், வேலி முழுக்க இலை. முசுட்டை, குறிஞ்சா, தவசிமுருங்கை, அகத்தி என்று காசு கொடுக்காமல் ஒடித்து வந்து சமைக்கிற இலைகள் எங்கள் ஊரில் ஏராளம். முசுட்டை வேலியில் படரும் கொடி. அதன் இலையைச் சுருட்டி நூல் மாதிரி மெல்லிசாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், உப்புடன் தாச்சியில் பிரட்டி, கடைசியில் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கித் தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) விடுவார்கள். அவ்வளவுதான் வறை. அரிவதில்தான் எல்லாம் இருக்கிறது, தடிப்பாக அரிந்தால் மாட்டுக்குப் போட்ட மாதிரி இருக்கும். குறிஞ்சா கொஞ்சம் கைக்கும், தேங்காய்ப்பூ கூடப் போட்டால் அந்தக் கைப்பு அடங்கும்.

ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். கிளுவையும் பூவரசும் நட்ட வேலிகள் இருந்த இடத்தில் இப்போது மதில்கள் வந்துவிட்டன, அதுவும் பெரும்பாலும் நாங்கள் அனுப்பிய காசில் கட்டியவை. மதிலில் முசுட்டை படர்ந்தால் சுவர் பழுதாகும் என்று பிடுங்கிவிடுகிறார்கள். ஆகவே மாமி வீட்டில் இல்லையென்றால் பக்கத்து ஒழுங்கையில் வேலி மிச்சமிருக்கிற வீட்டில் கேளுங்கள், இல்லையென்றால் விடியக்காலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகம் சந்தைக்கோ போங்கள். இலைக்கட்டுகளைச் சாக்கில் பரப்பி வைத்திருக்கும் ஆச்சிமாரிடம் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும், எப்படிச் சமைப்பதென்றும் சேர்த்தே சொல்லி அனுப்புவார்கள்.

அதே காலத்தில்தான் பனங்கிழங்கும் இராசவள்ளியும். இராசவள்ளிக்கிழங்கை அவித்து மசித்துத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து ஊதா நிறத்தில் ஒரு களி செய்வார்கள். அதைச் சோற்றுக்குப் பிறகு சாப்பிடுகிற வீடும் உண்டு, சோற்றுடனேயே இலையின் ஓரத்தில் வைக்கிற வீடும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

இனி அந்தத் தோல் வறை, ஏனென்றால் இதை நீங்கள் திரும்பிப் போன பிறகும் செய்யலாம். வாழைக்காயின் மேல்தோலை லேசாகச் சுரண்டிவிட்டு, உட்தோலை எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக வெட்டி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் கயர் (துவர்ப்பு) போய்விடும். பிறகு உப்புப் போட்டு அவித்து வடித்து, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து அதில் போட்டுக் கிளறித் தேங்காய்ப்பூ சேர்க்க வேண்டும். பெரியம்மா தாளிதத்தில் பெருஞ்சீரகம் சேர்ப்பார். என் மச்சாள் வீட்டில் சேர்க்க மாட்டார்கள், பெருஞ்சீரகம் போட்டால் மச்சக் கறி (மீன், இறைச்சிக் கறி) மணம் வந்துவிடுமாம். இந்தச் சண்டையில் நான் தலையிடுவதில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்குப் போனால் வெயில் கொளுத்தும், ஆனால் அந்த வெயில்தான் வேப்பம்பூ வடகம் காய வைக்கும். பங்குனி, சித்திரையில் வேப்பமரத்தின் கீழ்ப் பாயை விரித்து உதிர்ந்த பூவைக் கூட்டி எடுத்து, அரைத்த உளுந்து, செத்தல் மிளகாய், வெங்காயம், பெருஞ்சீரகத்துடன் குழைத்துச் சின்ன உருண்டைகளாகத் தட்டிச் சுளகில் காயவைப்பார்கள். நன்றாகக் காய நாலைந்து நாள் வெயில் வேண்டும். பொரித்துச் சாப்பிட்டால் முதலில் உறைப்பு, பிறகு மொறுமொறுப்பு, எல்லாம் போன பிறகு மெல்ல வரும் அந்தக் கைப்பு. பருப்பும் நெய்யும் விட்ட சோற்றுக்கு இதை விட வேறு சோடி எனக்குத் தெரியாது. வாழைப்பூவிலும் வடகம் போடுவார்கள், அது சாதுவானது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். புத்தாண்டு தினத்தில் வேப்பம்பூவும் மாங்காயும் சர்க்கரையும் சேர்ந்த பச்சடி வைக்கிற வீடுகளும் இருக்கின்றன, அதைக் கைக்கிறது என்று ஒதுக்காதீர்கள், ஒரு கரண்டிதான்.

இதே பருவத்தில் பலாக்கொட்டை கிடைக்கும், முருங்கைக்காயுடன் போட்டுப் பால்கறி வைத்தால் நல்லாயிருக்கும். கடையில் வாங்கத் தேவையில்லை, பழம் சாப்பிட்டவர்கள் கழுவி எடுத்து வைத்திருப்பார்கள்.

ஆடிப்பிறப்பு கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் உரியது, பக்கக் கறி பெரிதாக இல்லை. அதற்குப் பிறகு நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள். கொடியேறினால் பல வீடுகளில் மச்சச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள், அந்த நாட்களில் நண்டு வேண்டும், கணவாய் வேண்டும் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். அதற்குப் பதிலாகப் பாவற்காய்ச் சம்பல் கேளுங்கள். பாவற்காயை மெல்லிய வட்டமாகச் சீவி உப்பு, மஞ்சள் பிரட்டி முறுகப் பொரித்து, சாப்பிட உட்காரும்போதுதான் வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி, கொஞ்சம் கட்டித் தேங்காய்ப்பால் விட்டுக் கலக்க வேண்டும். முன்கூட்டிக் கலந்தால் ஊறிப்போய்விடும். கலியாண வீட்டுப் பந்தியில் பின்னேரம் போனால் கிடைக்காத கறி இதுதான்.

தீபாவளி வேறு மாதிரி. இந்தியாவில் இனிப்பும் வெடியும் என்றால் எங்கள் ஊரில் பல வீடுகளில் தீபாவளி என்றால் ஆட்டிறைச்சி. அயலவர்கள் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடுவார்கள், பங்கு இறைச்சி என்று பெயர். ஒவ்வொரு பங்கிலும் எலும்பு, சதை, ஈரல், கொழுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வரும்படி கூறு வைப்பது ஒரு கலை, அதைப் பார்க்கவாவது விடிய எழும்பிப் போங்கள். முன்பு பனையோலைப் பட்டையில் கட்டித் தருவார்கள், இப்போது பொலித்தீன் பைதான். இந்த நாளின் பக்கக் கறி இரத்த வறை. கட்டியான இரத்தத்தை அவித்து உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், பெருஞ்சீரகம், தேங்காய்ப்பூவுடன் நீர் வற்றும்வரை வறுத்தெடுப்பது. பார்க்க ஈரல் சுண்டல் மாதிரி இருக்கும். பிடிக்காதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஆனால் பிள்ளைகளுக்கு இன்னதென்று சொல்லிவிட்டே கொடுங்கள். சாப்பிட்ட பிறகு சொல்லி, விமானம் ஏறும்வரை அழுகையைக் கேட்ட அனுபவம் எனக்கு இருக்கிறது. அன்று காலையே சமைத்து அன்றே முடிக்க வேண்டிய சாமான், முதல்நாள் மிச்சத்தை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கேதாரகௌரி விரதம் பிடிக்கிற வீடென்றால் 21 நாள் விரதம் தீபாவளியோடுதான் முடியும், அங்கே இறைச்சி கிடையாது. தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி தொடங்கிவிடும், அதற்கும் சட்டிபானை கழுவ வேண்டும். ஆகவே இறைச்சிக் கறியை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் எந்த வீட்டில் எந்த நாளில் நிற்பது என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, குடும்பத்தில் ஒரு சாவு நடந்திருந்தால் ஆண்டுத் திவசம் முடியும்வரை அந்த வீட்டில் பண்டிகை கொண்டாட மாட்டார்கள், பொங்க மாட்டார்கள். டிக்கெட் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. அயல் வீட்டிலிருந்து பொங்கல் வரும்தான், ஆனால் நீங்கள் நினைத்துப் போன நாளாக இருக்காது.

கிழக்கே போகிறவர்களுக்கு நான் அதிகம் சொல்ல முடியாது, மட்டக்களப்பில் எனக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. சட்டியில் உறைய வைத்த எருமைத் தயிரை மட்டும் விடாதீர்கள், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அங்கே குழம்பை ஆணம் என்பார்கள், மிளகாயைக் கொச்சிக்காய் என்பார்கள், விளங்காமல் விழிக்காதீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் என்றால் கூனி இறாலைக் காயவைத்து வறுத்துச் செய்கிற சம்பல்.

சரி, எப்படிக் கேட்பது? போய் இறங்கிய அன்று கேட்டால் காரியம் ஆகாது. ஒரு கிழமைக்கு முன்பே போனில் சொல்லுங்கள், "மாமி, கோழி ஒண்டும் வேண்டாம், அம்மம்மா செய்யிற அந்த வறையும் சம்பலும்தான் எங்களுக்கு வேணும்" என்று. ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் நம்புவார்கள். இல்லாவிட்டால் மரியாதைக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்து எப்படியும் கோழி வாங்கிவிடுவார்கள். பண்டிகைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போய்ச் சேருங்கள், வெங்காயம் உரிக்கவும் தேங்காய் திருவவும் உட்காருங்கள். திருவலையில் உட்காராதவருக்கு ஊரில் ஒரு இரகசியமும் சொல்ல மாட்டார்கள். பண்டிகை நேரத்தில் யாழ்தேவி ரயிலில் இடம் பிடிப்பது பெரிய பாடு, முற்பதிவு திறந்த உடனே எடுத்துவிடுங்கள்.

செய்முறை கேட்டால் "கண்ணளவுதான்" என்பார்கள். அதனால் நான் ஒரு அளவுக் கரண்டியும் சின்னத் தராசும் கொண்டுபோவேன். பெரியம்மா கையில் அள்ளி எடுத்ததைச் சட்டியில் போடவிடாமல் என் கோப்பையில் போடச் சொல்லி அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். "உனக்கு விசர்" என்று பேசுவார், பரவாயில்லை. வீடியோ எடுத்தால் முகத்தை எடுக்காதீர்கள், கையை மட்டும் எடுங்கள். முகத்தை எடுத்தால் சேலை மாற்றப் போய்விடுவார்கள், அதற்குள் வெங்காயம் கருகிவிடும்.

வயிறு பற்றி ஒரு வரி. பச்சையாக அரைக்கிற சம்பல்களைப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு நாள் கொடுக்காமல், வறையும் பால்கறியும் கொடுத்துப் பழக்குங்கள். குடிக்கப் போத்தல் தண்ணீர் அல்லது கொதித்தாறிய தண்ணீர்.

திரும்பும்போது என்ன கொண்டுபோகலாம் என்றால், வடகம், மோர்மிளகாய், பனங்கிழங்கைக் காயவைத்துச் செய்த ஒடியல்மா, புழுக்கொடியல், பனம்பழத்துப் பனாட்டு, அந்தந்த வீட்டு அளவில் வறுத்து மில்லில் திரித்த மிளகாய்த்தூள் எல்லாம் காய்ந்த சாமான், பழுதாகாது. பனஞ்சாமான்களைப் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் வாங்கினால் பொதி ஒழுங்காக இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போகிறவர்கள் இறைச்சியோ நெய், தயிர் போன்ற பால்சாமானோ வைக்காதீர்கள், அனுமதி இல்லை. பச்சை இலை, காய், கிழங்கு, பழத்துக்கு 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டூரியன் ஐந்துக்கும் மட்டும் விலக்கு. அதாவது முசுட்டையைக் கொண்டுபோக முடியாது, வாழைக்காயைக் கொண்டுபோகலாம். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் வடகம் உட்பட எல்லா உணவையும் அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால் தண்டப்பணம். மிளகாய்த்தூளை மூன்று பையில் கட்டி, அதைத் துவாயில் சுற்றி, உடுப்பு இல்லாத பெட்டியில் வையுங்கள். நான் ஒருமுறை ஒரே பையில் கட்டிவிட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க வேலைக்குக் கறி மணத்தோடு போனேன்.