பெரிய தோட்டா மேல் ஆசை: பிஸ்டல் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூரில் ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடுவது) பழகுகிறோம். போன வாரம் ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். பிஸ்டல் பிடித்து மூன்று வாரம்தான் ஆகிறது. "அண்ணா, எப்போ டூ டூவுக்குப் போகலாம்? த்ரீ டூ அடிக்க எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார். அவர் கேட்டது .22, .32 பிஸ்டல்களை; தோட்டாவின் குறுக்களவை, அதாவது கேலிபரை, அங்குலத்தில் சொல்லும் பெயர்கள் அவை. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியை இதே அவசரத்தோடு கேட்டவன்தான். அன்று எனக்குக் கிடைத்த பதில் தவறானது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முனையை ஆள் பக்கம் திருப்பாதே, சுடும் வரை ட்ரிகரில் விரல் வைக்காதே என்பதையெல்லாம் எந்த ரேஞ்சிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வருவது யாரும் சொல்லாமல் விடுகிற சில விஷயங்கள்.

கை பழகும் முன் பெரிய கேலிபருக்குத் தாவுவது

ஏர் பிஸ்டலில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட் 4.5 மி.மீ., எடை சுமார் அரை கிராம். சுடும்போது கையில் உதைப்பு ஏறக்குறைய இல்லை. .22 தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம், சத்தம் உண்டு, உதைப்பு லேசானது. போட்டிகளில் சுடும் .32-ல் குண்டு 6 கிராமுக்கு மேல். ஏர் பிஸ்டலில் பழகிய கைக்கு அந்தச் சத்தமும் அடியும் பெரிய அதிர்ச்சி.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஏர் பிஸ்டலில் 600-க்கு 556 வரை வந்திருந்தேன். நகரத்துக்கு வெளியே ஒரு ரேஞ்சில் ஒருவர், "இந்த விளையாட்டுத் துப்பாக்கியை விடு, இதை அடிச்சுப் பாரு" என்று .32-ஐக் கையில் கொடுத்தார். முதல் குண்டு வெடித்ததும் நெஞ்சு வரை அதிர்ந்தது. அந்த அதிர்ச்சி பிடித்துப் போனது. அடுத்த மூன்று மாதம் வாரம் தவறாமல் அதையே சுட்டேன். தோட்டாவுக்கே சம்பளத்தில் பாதி போனது. வீட்டில் அம்மாவிடம் பொய் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஏர் பிஸ்டல் போட்டிக்குப் போனேன். 531. காரணம் புரியவில்லை. கிரிப் சரியில்லை என்றேன், பெல்லட் சரியில்லை என்றேன். கடைசியில் ஒரு பழைய கோச்தான் கண்டுபிடித்தார். .32-ன் மேகசினில் ஐந்து தோட்டா போட்டுக் கொடுத்தார். அதில் ஒன்று டம்மி, அதாவது வெடிக்காத போலித் தோட்டா; எத்தனையாவது என்று சொல்லவில்லை. மூன்றாவது முறை ட்ரிகரை இழுத்தேன். வெடிக்கவில்லை. ஆனால் என் கை தானாகவே முனையைக் கீழே அழுத்தியது. எனக்கே நன்றாகத் தெரிந்தது. அடி வரப்போகிறது என்று பயந்து, அது வருவதற்கு முன்பே கை முந்திக்கொள்கிறது. இதைத்தான் 'ஃபிளிஞ்ச்' என்கிறார்கள்.

ஏர் பிஸ்டலின் மேல் குறிபார்க்க இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. இருக்கும். முன்குறி 1 மி.மீ. விலகினால் 10 மீட்டருக்கு அப்பால் அட்டையில் 3 செ.மீ. விலகும். பத்தாம் வட்டத்தின் குறுக்களவே 11.5 மி.மீ.தான். பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். கை கொஞ்சம் துடித்தாலே போதும்.

அந்தத் துடிப்பைப் போக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. தினமும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் இல்லாமல் இருநூறு முறை ட்ரிகர் இழுத்தேன். அப்புறம் குறி இல்லாத வெற்று அட்டை. அப்புறம்தான் குறி. வீணான தோட்டாக் காசை எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்தப் பதினான்கு மாதம்தான் இன்னும் உறுத்துகிறது. புதிதாக வருகிற பிள்ளையின் கையில் பெரிய பிஸ்டலைத் திணித்து, போட்டோ எடுத்து அனுப்பிவைப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

வடசென்னையில் கேரம் ஆடாத தெரு இல்லை. ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்துப் பழகியவனுக்குப் பிற்பாடு மெல்லத் தட்டும் காய் எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். இங்கேயும் அதே கதைதான்.

.32 மேல் எனக்கு வெறுப்பு இல்லை. 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா சென்டர் ஃபயரில் (.32 போன்ற பெரிய தோட்டாப் பிஸ்டல்களுக்கான போட்டி) 590 அடித்துத் தங்கம் வாங்கினாரே, அந்த ஆட்டத்தில் உதைப்பை அடக்குவது ஒரு தனிக் கலை. ஆனால் அவரிடம் பயின்ற மனு பாக்கர் 2024 பாரிஸில் வாங்கிய இரண்டு வெண்கலமும் இந்த 4.5 மி.மீ. பெல்லட்டில் வந்தவை. குறைந்தது ஒரு வருடம் ஏர், அப்புறம் ஒரு வருடம் .22, அதற்கப்புறம் .32. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் வரிசை இது. டம்மி சோதனையில் கை அசையாதவர்களை மட்டுமே அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறேன்.

.32 எல்லாம் ஒன்று என்று நினைப்பது

கேலிபர் பெயரை அப்படியே அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. .38 ஸ்பெஷல் குண்டை அளந்தால் .357 அங்குலம்தான் வரும். அதேபோல .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் வேறு, .32 ஏ.சி.பி. வேறு. முதலாவதன் கூடு நீளம், அடியில் முழு விளிம்பு இருக்கும்; கான்பூரில் செய்யும் .32 ரிவால்வருக்கு இதுதான். இரண்டாவது குட்டை, பாக்கெட் பிஸ்டல்களுக்கானது. போட்டியில் சுடுவது லாங் ரகத்தில் தட்டைத் தலை உள்ள 'வாட்கட்டர்'. அது அட்டையில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் சுத்தமான ஓட்டை போடும். புள்ளி எண்ணும்போது சண்டை வராது. பிஸ்டலின் பேரலில் (குழலில்) பொறித்திருப்பதைப் படித்துவிட்டு மட்டுமே தோட்டா போடுங்கள்.

9 மி.மீ. கனவு

நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண உரிமத்தில் கிடைக்காது. கேட்டு அலையாதீர்கள்.

5.5 மி.மீ. ஏர் பிஸ்டல் வாங்குவது

ஓட்டை பெரிது என்று வாங்கிவருகிறார்கள். போட்டியில் அனுமதி இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி .177-க்கு (அதாவது 4.5 மி.மீ.க்கு) மேற்பட்ட ஏர் கன்னுக்கு உரிமமும் வேண்டும்.

ஐந்து டப்பா பெல்லட்டை மொத்தமாக வாங்குவது

பெல்லட் டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு போட்டிருக்கும். எது உங்கள் பேரலுக்குச் சேரும் என்பது சுட்டால்தான் தெரியும். பிஸ்டலை ஸ்டாண்டில் வைத்து ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்து சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள். கூடப் பழகுபவர்களோடு டப்பாவைப் பங்குபோட்டால் செலவும் குறையும். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு அளவை மாற்றியதும் சிதறல் கண்ணெதிரே குறைந்தது. அதுவரை பாவம், தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் டப்பாவைத் திறந்து போடாதீர்கள். கடற்காற்றின் ஈரத்தில் ஈயம் வெளுத்துப்போகும். இறுக்கி மூடும் டப்பாவில், சிலிகா ஜெல் பையோடு வையுங்கள்.

.22-ஐக் காலியாகச் சுட்டுப் பழகுவது

தோட்டாவை அடிக்கும் ஊசி, சேம்பரின் (தோட்டா உட்காரும் அறையின்) விளிம்பில் இடித்துப் பள்ளமாக்கும். டம்மி போட்டுப் பழகுங்கள்.

கை கழுவாமல் சாப்பிடுவது

பெல்லட் ஈயம். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு டீக்கடைக்குப் போங்கள்.