கேட் மாடலை ரெண்டரிங்கிற்குத் தயார் செய்யும் முறை

பொறியாளர் தந்த கேட் (CAD) மாடலை, அதாவது கணினியில் வடிவமைத்த முப்பரிமாண வடிவத்தை, பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளுக்குக் கொண்டுவந்து ரெண்டர் செய்தால் (படமாக்கினால்), வளைவுகளில் பட்டைகளும் சமதளங்களில் கறை போன்ற நிழல்களும் தெரிவதுண்டு. விளக்குகளை எத்தனை முறை மாற்றினாலும் இவை போகாது. கோப்பை மெஷ்ஷாக மாற்றித் தயார் செய்யும்போதே கவனித்திருக்க வேண்டியவை இவை.

கேட் மென்பொருள் வளைவைக் கணிதச் சமன்பாடாக வைத்திருக்கிறது. பிளெண்டருக்கு வேண்டியதோ மெஷ், அதாவது முக்கோணங்கள் போன்ற தட்டையான முகங்களாலான வலை. கேட் மாடல்கள் வழக்கமாக வரும் ஸ்டெப் (STEP) கோப்பை பிளெண்டர் நேரடியாகத் திறக்காது என்பதால், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் என்னும் கேட் மென்பொருளில் திறந்து மெஷ்ஷாக மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே கேட்கப்படும் பரப்பு விலகல் என்பது, மெஷ் உண்மையான வளைவை விட்டு எவ்வளவு விலகலாம் என்பதற்கான வரம்பு. 10 மி.மீ. ஆரமுள்ள துளைக்கு 0.5 மி.மீ. விலகலை அனுமதித்தால், அடுத்தடுத்த முகங்களுக்கு இடையிலான கோண வரம்பு குறுக்கிடாத வரை, அது 10 பக்கப் பலகோணமாகிவிடும், 0.05 மி.மீ. எனக் கொடுத்தால் 32 பக்கங்கள் கிடைக்கும். எல்லாப் பாகங்களுக்கும் இதே நுணுக்கம் தேவையில்லை. கேமராவுக்கு அருகில் வருபவற்றுக்குக் கொடுத்தால் போதும். பட்டை தெரிந்தால் பிளெண்டரில் ஒட்டுப்போடாமல், ஸ்டெப் கோப்பிலிருந்து மீண்டும் மாற்றுவதே நல்லது.

அடுத்தது அளவு. மெஷ்ஷை ஃப்ரீகேடிலிருந்து ஓபிஜே (OBJ) கோப்பாகச் சேமித்துக் கொண்டுவந்தால், அந்தக் கோப்பு அலகைச் சொல்லாததால், 120 மி.மீ. பாகம் பிளெண்டரில் 120 மீட்டராக வந்து நிற்கும். 0.001 மடங்காகக் குறைத்து, கண்ட்ரோல்+ஏ அழுத்தி அந்த அளவை நிலைப்படுத்துங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் விளிம்புகளை மழுக்கக் கொடுக்கும் பெவல் அளவுகள் எல்லாம் பிசகும்.

உள்ளே மறைந்திருக்கும் ஸ்பிரிங், திருகு போன்றவற்றை நீக்கிவிடலாம். மேலுறை கண்ணாடியாக இருந்தால் மட்டும் விட்டுவையுங்கள். முகங்களின் உள்புறம், வெளிப்புறத்தை நிறத்தால் காட்டும் ஃபேஸ் ஓரியன்டேஷனை இயக்கியதும், வெளிப்புறத்தில் சிவப்பாகத் தெரியும் முகங்களின் நார்மல்கள் (முகம் பார்க்கும் திசைகள்) தலைகீழாக உள்ளன. எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்து ஷிஃப்ட்+என் அழுத்துங்கள். சமதளக் கறைகளுக்குப் பெரும்பாலும் காரணம், கூரான விளிம்புகளையும் சேர்த்து மென்மையாக்கியிருப்பதுதான். குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் மடங்கும் விளிம்புகளைக் கூராகவே விடும் ஷேட் ஆட்டோ ஸ்மூத்தில் 30 பாகை வைத்தால் பொதுவாக மறைந்துவிடும்.

விளிம்புகளுக்கு மட்டும் தனி நேரம் ஒதுக்குங்கள். கேட் மாடலின் விளிம்பு கணிதத் துல்லியத்தோடு கூராக இருக்கும். நிஜப் பொருளின் விளிம்பிலோ மெல்லிய வளைவு இருந்து, அதில் ஒளி ஒரு கோடாக மின்னும். அந்தக் கோடு இல்லாத படம், மெட்டீரியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பொம்மை போலவே தோன்றும். முக்கோண மெஷ்ஷில் பெவல் போட்டால் பல இடங்களில் கிழிந்துபோகும் என்பதால், ஃப்ரீகேடிலேயே விளிம்புகளுக்கு 0.2 முதல் 0.5 மி.மீ. ஃபில்லெட் (உருண்டை வளைவு) கொடுத்துவிட்டு மாற்றுவது சிறந்தது. அதற்கு வாய்ப்பில்லாவிட்டால், பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்னும் ரெண்டர் இயந்திரத்தில், மெட்டீரியலின் நார்மல் உள்ளீட்டோடு பெவல் நோடை இணைக்கலாம். ஆனால் அது விளிம்பில் ஒளி விழும் தோற்றத்தை மட்டுமே வளைக்கும், புறக்கோடு கூராகவே இருக்கும் என்பதால் மிக நெருங்கிய காட்சிகளுக்கு அது பொருந்தாது.