ஏழு சீப்புக்கு ஒரு காதல்: கேம் கம்பானியன்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நானும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து தமிழில் ஒரு சின்ன ஃபேன்டஸி ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் விளையாட்டு, செய்துகொண்டிருக்கிறோம். கிராபிக்ஸ் எல்லாம் கிடையாது, வரி வரியாக ஓடும் எழுத்து விளையாட்டுதான். கூட வரும் கம்பானியன்களுக்கு வசனம் எழுதுவது என் பொறுப்பு. போன மாதம் புதிதாக எழுத வந்த நான்கு பேர் தங்கள் முதல் பாத்திரங்களை அனுப்பியிருந்தார்கள். படிக்கப் படிக்க, ஆறு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய ஃபைலை யாரோ திருடி ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

வாயில் நுழையாத பெயர், வயிறு தெரியும் கவசம், எதற்கெடுத்தாலும் இருமிக்கொண்டே பேசும் கிழ மந்திரவாதி ஆகியவற்றைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அவை தவறு என்று எழுதுகிறவருக்கே தெரியும். தெரியாமல் செய்பவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதல் முகாமிலேயே முழுக்கதை

நான்கில் மூன்று பேருடைய பாத்திரங்கள் முதல் நாள் ராத்திரி தீ மூட்டியதும் எல்லாவற்றையும் கொட்டிவிடுகின்றன. அப்பா செத்தது, ஊர் எரிந்தது, சாபம் பிடித்தது, பழிவாங்கக் கிளம்பியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் டிக்கெட் எடுப்பதற்குள் சொத்து வழக்கைச் சொல்லி முடிப்பாரே, அப்படி. பாவமாக இருக்கும், ஆனால் இறங்கும்போது அவர் முகம் ஞாபகம் இருக்காது.

2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டில் அஸ்டாரியன் என்கிற கம்பானியன் நம்மைச் சந்திப்பதே கழுத்தில் கத்தியை வைத்துத்தான். பிறகு சிரிப்பு, கிண்டல், அடுத்தவனுக்கு அடி விழுந்தால் ஒரு சந்தோஷம். ஒருநாள் ராத்திரி கண் விழித்தால் நம் கழுத்தருகே குனிந்திருப்பான். அப்போதுதான் ரத்தக்காட்டேரி என்றே தெரியும். எஜமான் காஸடோரிடம் இருநூறு வருடம் பட்டதெல்லாம் அதற்கும் மெல்லத்தான் வெளியே வரும். அதற்குள் அவனைப் பிடிக்குமா பிடிக்காதா என்று நாம் முடிவு செய்திருப்போம். அந்தக் கதை நம் முடிவைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும்.

இதைவிட நுட்பமாக 1999-இலேயே செய்திருக்கிறார்கள். பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் விளையாட்டில் டாக்கன் என்கிற கம்பானியன் தன் கதையை எடுத்தவுடனே சொல்வதில்லை. கையிலுள்ள கல் வட்டை ஒவ்வொரு அடுக்காகத் திறந்து, தன் இனத்தின் ஞானியைப் பற்றிய பாடத்தை நமக்கு நடத்துவான். பாடம் போகப் போக, வாத்தியாருக்கே அதில் சந்தேகம் இருப்பது மாணவனுக்குப் புரிந்துவிடும். அந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது.

பரிசுக்கு விழும் மனசு

இதுதான் என் சொந்தத் தவறு. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் முதல் கம்பானியன் மருதி. மூலிகை வைத்தியம் பார்ப்பவள், அமைதியானவள், நாயகனின் காயத்துக்குக் கட்டுப் போடுபவள். எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். அவளுடைய பிரியத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு எண். ஏழைக்கு உதவினால் ஐந்து கூடும், அவமானப்படுத்தினால் ஐந்து குறையும், பரிசு கொடுத்தால் பத்து கூடும். எண்பதைத் தொட்டால் காதல் காட்சி. ரொம்பச் சுத்தமான ஏற்பாடு என்று எனக்கு அப்போது பெருமை வேறு.

முதலில் விளையாடிப் பார்த்தது ஒரு நண்பரின் தம்பி, கல்லூரிப் பையன். அவன் மருதியின் சொந்த ஊருக்கே போய் விதைநெல்லைக் கொள்ளையடித்தான். காவலர்கள் வந்ததும் களஞ்சியத்துக்குத் தீ வைத்துவிட்டுத் தப்பினான். மருதியின் எண் நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்கியது. சரி, நியாயம்தானே என்று பார்த்தால், பயல் விதைநெல்லைச் சந்தையில் விற்று, அந்தக் காசில் ஏழு சீப்பு வாங்கி அவளிடம் ஒவ்வொன்றாக நீட்டியிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் அவள் “எனக்காகவா?” என்று வெட்கப்பட்டிருக்கிறாள். கணக்குப்படி ஆறே போதும், ஏழாவது ராசிக்காம். அன்று ராத்திரி, தன் ஊர் எரிந்த புகை இன்னும் அடங்காத நேரத்தில், மருதி அவன் தோளில் சாய்ந்து “உங்கள் பக்கத்தில்தான் என் மனசு அடங்குகிறது” என்கிறாள்.

அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினான். கீழே ஒரு வரி: “அக்கா, சீப்பு விலை கட்டுப்படியாகுது.”

சிரித்தேன், அப்புறம் தூக்கம் வரவில்லை.

எண் வைத்ததில் தப்பில்லை. 2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் விளையாட்டிலும் எண் உண்டு. கழித்தல் நூறிலிருந்து கூட்டல் நூறு வரை. பரிசும் உண்டு. கம்பானியன்களில் ஸ்டென்னுக்கு ஓவியம், மோரிகனுக்கு நகை. நான் காப்பியடித்ததே அங்கிருந்துதான். ஆனால் நாய் வாலை மட்டும் பார்த்துவிட்டு நாயை வரைந்த கதை. அந்த எண் தொட முடியாத இடங்கள் அதே விளையாட்டில் இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. துரோகி லோகெய்னை உயிரோடு விட்டு உங்கள் படையில் சேர்த்துக்கொண்டால் இன்னொரு கம்பானியனான அலிஸ்டர் போய்விடுவான். எண் நூறாக இருந்தாலும் சரி. புனிதச் சாம்பல் கலசத்தை நீங்கள் தீட்டுப்படுத்தும்போது வின் கூட இருந்தால் உங்கள் மேலேயே ஆயுதத்தை எடுப்பாள், நீங்கள் மனசை இறுக வைக்காத லெலியானாவும் அப்படித்தான். பால்டர்ஸ் கேட் 3-இலும் கோப்ளின் என்கிற குட்டிப் பூதங்களோடு சேர்ந்து அகதிகள் இருக்கும் தோப்பைச் சூறையாடினால் கார்லக்கும் வில்லும் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். எத்தனை பரிசு கொடுத்திருந்தீர்கள் என்று அங்கே யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண் வேறு, கோடு வேறு. எவ்வளவு பிடிக்கும் என்பதை எண் சொல்லும். எதைப் பொறுக்க மாட்டாள் என்பதைத் தனியாக, ஆம் இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு கொடி போட்டுத்தான் வைக்க வேண்டும். மருதிக்கு நான் கோடே போடவில்லை. அதைப் பிற்பாடு போடக் கிளம்பியபோதுதான் செலவு தெரிந்தது. வசனம், சண்டை, முடிவுக் காட்சி என்று நூற்றுச் சொச்சம் இடங்கள் அந்த ஒரே எண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் இழுத்தால் இன்னோரிடத்தில் கிழிந்தது. போர்வையில் நூல் பிரிப்பது மாதிரி ஐந்து மாதம் போனது. மற்ற மூவரும் அந்த ஐந்து மாதமும் எனக்காகக் காத்திருந்தார்கள், ஒருவர் சொல்லிக்காட்டியபடியே.

கோடு என்றால் பிரிந்து போவது மட்டும் இல்லை. சின்ன மறுப்பும் கோடுதான். அஸ்டாரியனுக்கு அப்படி ஓர் இடம் உண்டு. மூன்ரைஸ் கோபுரத்தில் ரத்த வியாபாரம் செய்யும் ஒருத்தி, அவன் தன்னைக் கடித்தால் பலத்தை நிரந்தரமாக இரண்டு கூட்டும் மருந்து தருவதாகச் சொல்வாள். அவனுக்கு இஷ்டமில்லை. காஸடோருக்காக இருநூறு வருடம் தன் உடம்பையே தூண்டிலில் புழுவாக மாட்டியவன் அவன். இப்போது முடிவு நம் கையில். அவனை வற்புறுத்தி மருந்தை வாங்கலாம், அல்லது ‘அவன்தான் மாட்டேன் என்கிறானே’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். விட்டுக்கொடுத்தால் பிறகு ஒரு சமயம் வந்து அதைப் பற்றிப் பேசுவான். தன்னாலும் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியும் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்கும். என் சீப்புக் கதைக்கு நேர் எதிர் இது. இங்கே நஷ்டப்பட்டுத்தான் நெருங்க முடிகிறது.

நெருக்கத்தை மலிவாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2011-இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டு இருக்கிறது. காதல் தெய்வமான மாராவின் தாயத்தைத் தாலி மாதிரி நாமே கழுத்தில் மாட்டிக்கொண்டு, பிடித்தவருக்கு ஓர் எடுபிடி வேலை செய்து கொடுத்தால் கல்யாணம் நிச்சயம். அப்புறம் வீட்டுச் சாப்பாடு, கடை லாபத்தில் நாளுக்கு நூறு பொன். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு சீக்கிரம் முடித்துவைக்க மாட்டார். ஆனால் ஆட்கள் உருகியது யாருக்கு? அடுத்த வருடம் அதே விளையாட்டின் கூடுதல் பகுதியான டான்கார்டில் வந்த செரானாவுக்கு. தாயத்தைப் பார்த்தும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், கோவில் என்றாலே அவளுக்கு ஆகாது. அவளைக் கட்டிக்கொள்வதற்கென்றே ரசிகர்கள் விளையாட்டை மாற்றும் மாட் செய்து வெளியிட்டார்கள்.

இவ்வளவு பட்ட பிறகு, போன மாதம் வந்த நான்கில் ஒன்றைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே பரிசுப் பட்டியல். பொருள், விலை, கூடும் எண் எல்லாம் எக்ஸெல்லில் பளிச்சென்று இருந்தது. அந்தப் பெண்ணின் ஊர் எது, எதற்காக வாள் எடுத்தாள் என்று எங்கேயும் இல்லை. பதிலைக் கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். முதல் வசனத்துக்கு முன்னால், இவள் எதற்காக உங்களை விட்டுப் போவாள் என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.

மருதியை மாற்றி எழுதிய பிறகு அந்தப் பையன் மறுபடி விளையாடினான். மறுபடியும் களஞ்சியத்துக்குத் தீ வைத்தான். மருதி ஒன்றும் சொல்லாமல் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். அடுத்த சண்டையில் கட்டுப் போட ஆளில்லை. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சேமித்து வைத்த ஸேவுக்குத் திரும்பிப் போனான்.

நாய்

சாகக் கூடாது. அவ்வளவுதான்.

எல்லோரும் நாயகனுக்கே

ஆறு கம்பானியன், ஆறும் காதலிக்கலாம் என்று எழுதினால் ஆறும் கடையில் தொங்கும் சட்டை ஆகிவிடும். ஒருத்தியாவது நாயகனை அப்படிப் பார்க்காமல் இருக்கட்டும். டிராகன் ஏஜ் 2-இல் (2011) அவெலினிடம் நீங்கள் சரசமாகப் பேசிப் பார்க்கலாம். அவளுக்கு அது உறைக்கவே உறைக்காது. அவள் மனசு டானிக் என்கிற காவலனிடம். அவனிடம் சொல்லத் தெரியாமல், செம்பில் செய்த சாமந்திப் பூவை நம் கையில் கொடுத்து அனுப்புவாள். பெரிய வீரன் என்று நினைத்துக்கொண்டிருந்த நாம் தூது போகிறோம். கவசம் போட்ட காவல் தலைவி அந்த இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தடுமாறுவாள். அந்த விளையாட்டில் யாரை விட்டுக் கொடுத்தாலும் அவளை விடமாட்டேன்.

அவெலின் விதவை. கதையின் ஆரம்பத்திலேயே கணவன் வெஸ்லி சாகிறான். அந்தச் சாமந்திப் பூ சில வருடம் கழித்து வருகிறது. 2000-இல் வந்த பால்டர்ஸ் கேட் 2-இல் ஜஹீராவுக்கு அந்த அவகாசம் இல்லை. முதல் நிலவறையிலேயே கணவன் காலிட்டின் பிணத்தைப் பார்க்கிறாள், காதல் பேச்சோ டைமர் வைத்து ஓட ஆரம்பித்துவிடுகிறது. குற்ற உணர்ச்சியிலும் கோபத்திலும் அவள் நம்மிடம் எரிந்து விழுவதுதான் அதைக் காப்பாற்றியது. காப்பியடிக்கிறவர்கள் துக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், எரிந்து விழுவதை விட்டுவிடுகிறார்கள்.

தங்களுக்குள் பேசாத கூட்டம்

கம்பானியன்கள் நாயகனோடு மட்டும் பேசினால் அது கூட்டம் இல்லை, ரேஷன் கடை வரிசை.

நீயும் நீங்களும்

இது தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். புதியவர்கள் மனசுக்குள் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில் இறக்குகிறார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே சொல். இங்கே அப்படியா? ஒரு டிராஃப்டில் கொலைகாரி முதல் வரியில் ‘நீங்கள்’ என்கிறாள், மூன்றாம் வரியில் ‘நீ’, ஐந்தில் மறுபடி ‘நீங்கள்’. எழுதியவர் கவனிக்கவே இல்லை. ஒரு முழுக் காதல் கதையை வைக்க வேண்டிய இடத்தை இரண்டு வரியில் வீணாக்கிவிட்டார்.

‘நீங்கள்’ ஒருநாள் ‘நீ’ ஆவது நம் மொழியில் பெரிய சம்பவம். அதற்கு எண் தேவையில்லை, இசை தேவையில்லை. கவனித்தால் நடுவில் இன்னொரு கட்டமும் உண்டு. மரியாதை காட்டினால் தூரமாகத் தெரியும், உரிமை எடுக்கவும் தைரியம் வராது என்ற நிலையில் நாம் இரண்டையும் சொல்லாமல் பேசுவோம். “சாப்பிட்டாச்சா?” “எப்போ கிளம்பறது?” “கை இன்னும் வலிக்குதா?” என்று ஆளைக் குறிக்கும் சொல்லே இல்லாமல் வாரக்கணக்கில் ஓட்டுவோம். மருதியை இரண்டாம் முறை எழுதும்போது இந்தக் கட்டத்தைத்தான் அதிகம் நீட்டினேன். முதல் பாதி முழுக்க ‘நீங்கள்’. மழையில் குகைக்குள் மாட்டிக்கொள்ளும் காட்சி வரை அந்த நடுக்கட்டம். அப்புறம் ஒரே ஒரு ‘நீ’, அதுவும் திட்டும்போது.

போன வாரம் அந்தப் பையன் கேட்டான்: “அக்கா, களஞ்சியத்தை இந்த முறை தொடவே இல்லை. ஆனா மருதி என்னை எதுவும் சொல்லியே கூப்பிட மாட்டேங்கிறா. பக் தானே?”

பக் இல்லை, மழை வரைக்கும் விளையாடு என்று பதில் போட்டேன்.