ஹெவிவெயிட் ஜாம்பவான்களை வரிசைப்படுத்தும்போது எங்கே சறுக்குகிறோம்

கடந்த சில பத்தாண்டுகளின் தலைசிறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் யார் என்ற பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை. ரசனை வேறுபாடு அதற்கு ஒரு காரணம்தான். பெரும்பாலான பட்டியல்கள் கோணலாவது வேறு இடத்தில்: வெற்றி, தோல்வி, பெல்ட் (சாம்பியன் பட்டத்தின் அடையாளம்), நாக் அவுட் எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். எந்தத் தேதியில், எந்த நிலையில் இருந்த ஆளுக்கு எதிராக என்று பார்ப்பதில்லை.

முதல் சறுக்கல் தொடக்க ஆண்டிலேயே நடந்துவிடும். "1990-க்குப் பிறகு" என்று எல்லை போடுவது வழக்கம். அப்படிப் போட்டுவிட்டு மைக் டைசனை முதல் மூன்றில் வைப்பவர்கள் ஏராளம். டைசன் தன் 20-ஆவது வயதில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்துப் பட்டம் வென்றது 1986 நவம்பர் 22. டோனி டக்கரை வென்று அன்றைய மூன்று பெல்ட்களையும் சேர்த்தது 1987 ஆகஸ்ட். மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் முடித்தது 1988 ஜூன் 27. எல்லையை 1990-இல் வைத்தால் இவை மூன்றும் காணாமல் போகும். மிஞ்சுபவை 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் வாங்கிய தோல்வி, டானவன் ரடாக்குக்கு எதிரான இரண்டு வெற்றிகள், 1996-இல் ஃபிராங்க் புரூனோவுக்கு எதிரான வெற்றி, பிறகு எவாண்டர் ஹோலிஃபீல்டிடமும் லெனாக்ஸ் லூயிஸிடமும் அடைந்த தோல்விகள். இந்தக் கணக்கை வைத்து யாரையும் முதல் மூன்றில் உட்கார வைக்க முடியாது. மாறாக 1978-இலிருந்து தொடங்கினால் 20 முறை பட்டத்தைக் காத்த லாரி ஹோம்ஸ் உள்ளே வந்து உச்சிக்குப் போட்டியிடுவார். ஆகவே முதலில் எல்லையை எழுதிவைத்துவிட்டு, அதற்குள் நடந்த சண்டைகளை மட்டும் எண்ண வேண்டும். டைசன் பெர்பிக்கை வென்ற நாளையே தொடக்கமாக வைப்பது வசதி. ஹோம்ஸ் காலம் முடிந்து அடுத்த தலைமுறை வந்த தருணம் அது.

இரண்டு கேள்விகளைக் கலக்காதீர்கள்

"உச்சத்தில் யார் பலசாலி?" என்பது ஒரு கேள்வி. "மொத்த வாழ்க்கையில் யார் அதிகம் சாதித்தார்?" என்பது வேறு. ஒரே பட்டியலில் டைசனுக்கு முதல் கேள்வியையும் விளாடிமிர் கிளிட்ஷ்கோவுக்கு இரண்டாவது கேள்வியையும் போட்டு எடைபோடுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் குழப்பம். இரண்டு பட்டியல் போடுங்கள். முதலாவதற்கு ஒவ்வொருவரின் சிறந்த மூன்று ஆண்டுகளை மட்டும் எடுங்கள். 1986 இறுதி முதல் 1989 வரையிலான டைசன் அங்கே எவருக்கும் சளைத்தவரல்ல. இரண்டாவதில் ஹோலிஃபீல்டுக்கும் லூயிஸுக்கும் கீழேதான் அவர் வருவார்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது

இதுதான் பெரிய குழி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். "ஹோம்ஸை நாக் அவுட் செய்த ஒரே ஆள் டைசன்" என்பது உண்மை. 75 சண்டைகளில் ஹோம்ஸ் அப்படி விழுந்தது அந்த ஒருமுறைதான். ஆனால் 1988 ஜனவரியில் ஹோம்ஸுக்கு 38 வயது, 21 மாதங்களாக ரிங்கில் ஏறவில்லை. சரி, அப்படியானால் அந்த வெற்றிக்கு மதிப்பே இல்லையா? அங்கேயும் அவசரப்படக்கூடாது. அதே ஹோம்ஸ் 1992-இல், 42 வயதில், அதுவரை தோற்காத ரே மெர்சரைப் புள்ளிகளில் வென்றார். ஆக, வயது மட்டும் போதாது. எதிராளியின் வயது, கடைசிச் சண்டைக்குப் பின் கடந்த மாதங்கள், அதற்கு முந்தைய இரண்டு முடிவுகள், பிந்தைய இரண்டு முடிவுகள் ஆகிய நான்கையும் ஒவ்வொரு பெரிய வெற்றிக்கும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த ஆண்டு 'த ரிங்' இதழின் தரவரிசையில் எதிராளி எந்த இடத்தில் இருந்தார் என்பதையும் சேர்க்கலாம்.

இந்த நான்கும் சில பிரபலமான வாதங்களைத் தலைகீழாக்கும். "லூயிஸ் கிழட்டு டைசனைத்தான் அடித்தார்" என்பார்கள். 2002 ஜூன் 8 அன்று மெம்ஃபிஸில் எட்டாவது ரவுண்டில் டைசன் சாய்ந்தபோது, இருவரில் மூத்தவர் லூயிஸ்தான்: அவர் பிறந்தது 1965 செப்டம்பர், டைசன் 1966 ஜூன். ஹோலிஃபீல்ட் இன்னும் மூத்தவர். 1996 நவம்பரில் டைசனைப் பதினோராவது ரவுண்டில் நிறுத்தியபோது அவருக்கு 34, டைசனுக்கு 30. டைசன் தேய்ந்துபோயிருந்தார் என்று சொல்லுங்கள், அது நியாயம். வயதைக் காரணம் காட்டாதீர்கள். இன்னொரு பக்கம், 2017 ஏப்ரலில் வெம்ப்ளியில் ஆந்தனி ஜோஷுவா வென்ற விளாடிமிருக்கு 41 வயது, 17 மாத இடைவெளி. அற்புதமான சண்டைதான், இருவருமே விழுந்து எழுந்தார்கள். ஆனாலும் அந்த வெற்றி 2010-இன் விளாடிமிரை வென்றதற்குச் சமமாகாது.

தோல்விகளுக்கும் இதே சோதனை பொருந்தும். ஹோலிஃபீல்டின் 44-10-2 (வெற்றி-தோல்வி-டிரா) என்ற கணக்கைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், அந்தப் பத்தில் ஆறு 1999 நவம்பரில் லூயிஸிடம் தோற்றதற்குப் பிறகு வந்தவை என்பதைக் கவனிப்பதில்லை. டைசனின் ஏழாவது தோல்வி 2024 நவம்பரில், 58 வயதில், யூடியூபிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலுக்கு எதிராக இரண்டு நிமிட ரவுண்டுகள் எட்டில் வந்தது. பதிவேட்டில் இருக்கிறது என்பதற்காக அதை எண்ணினால் கேலிக்கூத்து. உச்சத்தில் வாங்கிய தோல்விகளை மட்டும் முழு எடையில் வையுங்கள். டக்ளஸிடம் டைசன் தோற்றது 23 வயதில், சிறைக்குப் போவதற்கு முன். அதைத் தள்ளுபடி செய்ய வழியில்லை. லூயிஸ் 1994-இல் ஆலிவர் மெக்காலிடமும் 2001-இல் ஹசிம் ரஹ்மானிடமும் ஒரே ஒரு வலதுகைக் குத்தில் சாய்ந்தார், அவையும் முழு எடைதான். ஆனால் இருவரையும் மறுபடி சந்தித்து ஐந்து ரவுண்டுக்குள் முடித்தார். ஹோலிஃபீல்டுடன் சமனான முடிவையும் எட்டு மாதங்களில் வெற்றியாக்கினார். தொழில்முறையில் எதிர்கொண்ட ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது வென்றுவிட்டு ஓய்வுபெற்ற சாம்பியன் என்பது அவருக்குச் சேர வேண்டிய கூடுதல் மதிப்பெண். நம் பார்வையில் அவரை உச்சிக்கு ஏற்றுவதும் அதுதான்.

தோல்வியே இல்லாத பதிவேடு

பூஜ்யத்துக்கு மயங்குவது பழைய வியாதி. டென்மார்க்கின் பிரையன் நீல்சன் 1999 வாக்கில் 49-0 வைத்திருந்தார், ராக்கி மார்சியானோவின் அதே எண். ஐம்பதாவதில் டிக்கி ரயன் என்பவரிடம் தோற்றார். அவரை எந்தப் பட்டியலிலும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்கவும் வேண்டியதில்லை. டியோன்டே வைல்டர் 2020 தொடக்கத்தில் 42 வெற்றி, 41 நாக் அவுட், ஒரு டிரா. ஆனால் 2015-இல் பட்டச் சண்டைக்கு வரும்வரை அவர் ஜெயித்த 32 பேரில் முதல் பத்துத் தரத்தில் இருந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதல் இருபது சண்டைகளை மறைத்துவிட்டு மீதியை மட்டும் பாருங்கள்; பதிவேட்டின் உண்மையான உயரம் தெரிந்துவிடும்.

நாக் அவுட் சதவீதமும் அப்படித்தான். வெற்றிகளால் வகுப்பதா, மொத்தச் சண்டைகளால் வகுப்பதா என்பதிலேயே ஆளாளுக்கு மாறும். லூயிஸின் 32 நாக் அவுட்களை 41 வெற்றிகளால் வகுத்தால் 78, 44 சண்டைகளால் வகுத்தால் 73. ஒருவருக்கு ஒரு முறை, மற்றவருக்கு இன்னொரு முறை என்று கலந்தால் ஒப்பீடே கிடையாது. தவிர, பதிவேட்டில் 'நாக் அவுட்' என்பதற்குள் தரையில் பத்து எண்ணப்பட்டது, நடுவரோ மருத்துவரோ நிறுத்தியது, எழுந்து வராமல் நாற்காலியிலேயே ஒதுங்கியது எல்லாம் அடங்கும். விட்டாலி கிளிட்ஷ்கோவின் இரண்டு தோல்விகளும் இந்த வகைதான். 2000 ஏப்ரலில் கிறிஸ் பேர்டுக்கு எதிராகப் புள்ளிகளில் நன்றாக முன்னிலையில் இருந்தபோது தோள்பட்டைக் காயத்தால் ஒன்பதாவது ரவுண்டோடு விலகினார். 2003 ஜூனில் லூயிஸுக்கு எதிராக மதிப்பெண் போடும் மூன்று நடுவர்களும் 58-56 என்று அவருக்கே கொடுத்திருக்க, கண்ணுக்கு மேலே கிழிந்த வெட்டுக்காக மருத்துவர் நிறுத்தினார். தொழில்முறையில் அவர் தரையில் விழுந்ததே இல்லை. தோல்வி தோல்விதான்; ஆனால் 'நாக் அவுட்டில் தோற்றார்' என்ற வரி சொல்லும் படமும் நடந்ததும் வேறு.

அ-வை ஆ வென்றார், ஆ-வை இ வென்றார், எனவே இ பெரியவர் என்ற கணக்கைக் கிளிட்ஷ்கோ சகோதரர்கள் ஒரேயடியாக உடைத்துவிட்டார்கள். விட்டாலியை வென்ற பேர்டை, ஆறே மாதத்தில் விளாடிமிர் வென்றார். விளாடிமிரை 2003-இல் இரண்டே ரவுண்டில் சாய்த்த கோரி சாண்டர்ஸை, அடுத்த ஆண்டு விட்டாலி எட்டாவது ரவுண்டில் நிறுத்தினார். இதிலிருந்து எந்த அண்ணன் தம்பி பெரியவர் என்று முடிவுகட்டுங்கள் பார்ப்போம். எவன் பாணி எவனுக்கு ஒத்துவரவில்லை என்பதைத்தான் இப்படிப்பட்ட சங்கிலிகள் காட்டும்.

பெல்ட் எண்ணுவதில் உள்ள வில்லங்கம்

உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகள் நான்கு: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. இவற்றில் டபிள்யூபிஏ 2001 முதல் 'சூப்பர்', 'ரெகுலர்' என்று ஒரே எடைப்பிரிவில் இரண்டு சாம்பியன்களை வைத்திருப்பதும் உண்டு. 'ரெகுலர்' பட்டத்தை உலகப் பட்டமாக எண்ணாதீர்கள். அதைவிட நுட்பமான தவறு, பெல்ட் எப்படிக் கைமாறியது என்று பார்க்காதது. ஹோலிஃபீல்ட் "நான்கு முறை சாம்பியன்". நான்காவது முறை, 2000-இல் ஜான் ரூயிஸுடன் சண்டை ஏற்பாடு செய்யவில்லை என்று லூயிஸிடமிருந்து பிடுங்கப்பட்டுக் காலியாகக் கிடந்த பெல்ட்டை வென்றது. லூயிஸ் ரிங்கில் அதை இழக்கவில்லை. அதுபோல, 2024 மேயில் பிரிட்டனின் டைசன் ஃப்யூரியை (மைக் டைசன் அல்ல) வென்று நான்கு பெல்ட்டையும் சேர்த்த ஒலெக்சாண்டர் உசிக் அடுத்த மாதமே ஐபிஎஃப் பெல்ட்டை விட்டார். சண்டையில் அல்ல, காகிதத்தில். 2025 ஜூலையில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்து மீண்டும் எடுத்துக்கொண்டார்.

விளாடிமிர் 2006 ஏப்ரல் முதல் 2015 நவம்பர் வரை சாம்பியனாக இருந்தும் எல்லாப் பெல்ட்டையும் ஒருசேர வைத்திருக்கவில்லை என்று குறை சொல்வார்கள். விடுபட்ட பெல்ட் 2008 முதல் 2013 வரை அண்ணன் விட்டாலியின் இடுப்பில் இருந்தது. இருவரும் மோதுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். விளாடிமிர் காலத்தில் போட்டி மெலிவு என்ற புகாரில் பாதி நியாயம் உண்டு, ஏனென்றால் இரண்டாவது சிறந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். 2013-இல் பவெட்கினைக் கட்டிப்பிடித்தே பன்னிரண்டு ரவுண்டைக் கழித்ததற்கு வாங்கிய திட்டும் தகும். ஆனாலும் 2004-இல் லமோன் புரூஸ்டரிடம் தோற்ற பிறகு, இமானுவேல் ஸ்டீவர்டின் பயிற்சியில் இடதுகை ஜாபையும் (நேராக நீட்டும் வேகக் குத்து) தூரத்தையும் திருத்திக்கொண்டு தொடர்ந்து 22 வெற்றி பெற்றவரை 'சலிப்பூட்டுபவர்' என்று ஒதுக்கினால் அது ரசனை, தரவரிசை ஆகாது.

புள்ளி முடிவுகளைப் படிக்கும் விதம்

பதிவேட்டில் 'டிரா' என்று இருந்தால் நடுவர்களின் மதிப்பெண் அட்டையைத் திறந்து பாருங்கள். 1999 மார்ச்சில் நியூயார்க்கில் லூயிஸ் 348 குத்துகளைப் பதித்தார், ஹோலிஃபீல்ட் 130. ஒரு நடுவர் 116-113 லூயிஸுக்கு, ஒருவர் 115-115, ஒருவர் 115-113 ஹோலிஃபீல்டுக்கு. அந்த டிராவை டிராவாக எண்ணுபவர் அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. மறுபுறம், உசிக்–ஃப்யூரி முதல் சண்டை நிஜமாகவே மயிரிழை: 115-112, 114-113 உசிக்குக்கு; 114-113 ஃப்யூரிக்கு. ஒன்பதாவது ரவுண்டில் ரிங்கில் இருந்த நடுவர் ஃப்யூரிக்கு எண்ணத் தொடங்கியதால் (வழக்கமாக 10-9 ஆக இருக்கும்) அந்த ரவுண்டு 10-8 ஆனது. அது 10-9 ஆக இருந்திருந்தால், உசிக்குக்குக் கிடைத்த இரண்டாவது அட்டை 114-114 ஆகி, முடிவே டிராவாகியிருக்கும். டிசம்பரில் நடந்த இரண்டாவது சண்டையில் மூவரும் உசிக்குக்கே கொடுத்தார்கள் என்பதால்தான் அவருக்கு ஃப்யூரிக்கு மேலே தயக்கமின்றி இடம் கொடுக்கலாம்.

உசிக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 24-0 என்பதில் 16 க்ரூசர்வெயிட்டில், அதாவது 200 பவுண்டுக்கு உட்பட்ட பிரிவில். ஹெவிவெயிட்டில் 2025 ஜூலை வரை எட்டே சண்டை. அவற்றில் ஆறு ஜோஷுவா, ஃப்யூரி, டுபுவா மூவருக்கும் இரண்டிரண்டாகப் போய்விட்டன. தரம் மிக உயரம், அகலம் குறைவு. எடையையும் பாருங்கள்: ஃப்யூரியை முதலில் சந்தித்தபோது இவர் 223.5 பவுண்டு, அவர் 262. (முதலில் 233.5 என்று அறிவித்துப் பிறகு திருத்தினார்கள். பழைய எண் இன்னும் சில இடங்களில் சுற்றுகிறது.)

நடக்காத சண்டைகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ரிடிக் போ தொழில்முறையில் லூயிஸுடன் மோதவே இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் லூயிஸ் வென்றது அமெச்சூர் கணக்கு. போவின் 43-1 பளபளப்பானது, ஹோலிஃபீல்டை மூன்றில் இரண்டு முறை வென்றது சாதாரணமல்ல, ஆனால் அதற்கு அப்பால் அவர் வென்றவர்களில் பெரிய பெயர் இல்லை.

கடைசியாக, 1, 2, 3 என்று அடுக்குவதற்கு முன் குழுக்களாகப் பிரியுங்கள். மேலே சொன்னபடி பார்த்தால் வாழ்க்கைச் சாதனையில் லூயிஸ், ஹோலிஃபீல்ட், உசிக், விளாடிமிர் முதல் குழு. டைசன், விட்டாலி, ஃப்யூரி இரண்டாவது. போ, ஜோஷுவா, வைல்டர் அதற்கடுத்து. குழுவுக்குள் யார் முன், யார் பின் என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். குழு தாண்டி யாரையாவது ஏற்ற வேண்டுமென்றால், அவருடைய சிறந்த ஐந்து வெற்றிகளை எதிராளியின் வயதோடும் இடைவெளியோடும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்கள் இருப்பதால் பட்டியலின் தலையில் தேதியையும் போட்டுவையுங்கள்; இந்தக் குழுப் பிரிவு 2025 ஜூலை நிலவரப்படி.