அணைவுச் சேர்மத்தில் எத்தனை அயனிகள்? கடத்துத்திறனை அளந்து அறியும் முறை

இடைநிலை உலோக அணைவுச் சேர்மம் (நடுவிலுள்ள உலோகத்தைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்த சேர்மம்) ஒன்றில் எந்தக் குளோரைடு உலோகத்தோடு பிணைந்துள்ளது, எது கரைசலில் அயனியாகப் பிரிகிறது என்பதை, 1890களில் வேதியியலாளர்கள் வெர்னரும் மியோலாட்டியும் செய்ததைப் போலவே, கரைசலின் கடத்துத்திறனை அளந்து இன்றும் அறியலாம். பிரியும் அயனிகளின் எண்ணிக்கை கூடினால் கடத்துத்திறனும் கூடும்.

முதலில் 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் கொண்டு கலமாறிலியை (அளக்கும் கலத்தின் வடிவத்தைப் பொறுத்த மாறிலி) கணக்கிட வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் அதன் நியமக் கடத்துத்திறன் செ.மீ.க்கு 1413 மைக்ரோசீமென்ஸ். இதைக் கருவி காட்டும் கடத்துத்திறனால் வகுத்தால் கலமாறிலி கிடைக்கும். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தாலே அளவு ஏறத்தாழ 2 சதவீதம் கூடும் என்பதால், கலத்தை நிலையான வெப்பநிலையிலுள்ள நீர்த்தொட்டியில் வைத்தே அளக்க வேண்டும்.

அடுத்து 0.001 மோலார் கரைசல் தயாரிக்க வேண்டும். பென்டாஅம்மீன்குளோரிடோகோபால்ட் குளோரைடின் மோலார் நிறை ஏறத்தாழ 250.4 கிராம், ஆகவே 25 மில்லிகிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் போதும். இந்தச் செறிவில் ஒரு வசதி உண்டு: நீரின் கடத்துத்திறனைக் கழித்தபின், மைக்ரோசீமென்ஸில் கிடைக்கும் நியமக் கடத்துத்திறனின் எண்மதிப்பே சீமென்ஸ் செ.மீ.² மோல்⁻¹ அலகில் மோலார் கடத்துத்திறனும் (ஒரு மோல் சேர்மத்துக்குரிய கடத்துத்திறன்) ஆகும். நீர்க்கரைசலில் இது 118 முதல் 131 வரை இருந்தால் இரண்டு அயனிகள், 235 முதல் 273 வரை இருந்தால் மூன்று, 408 முதல் 435 வரை இருந்தால் நான்கு என்று கொள்ளலாம். மேற்கண்ட சேர்மத்தில் ஒரு குளோரைடு உலோகத்தோடு பிணைந்திருக்க, மற்ற இரண்டு அயனிகளாகப் பிரிவதால், அது மூன்று அயனிகளுக்கான மதிப்பைத் தரும்.

பலரும் தவறவிடும் இடம் நேரம். டெட்ராஅம்மீன்டைகுளோரிடோகோபால்ட் குளோரைடில் பிணைந்திருக்கும் குளோரைடை நீர் மூலக்கூறு சில நிமிடங்களிலேயே இடம்பெயர்க்கத் தொடங்குவதால், இரண்டு அயனிகளுக்குரிய மதிப்பு மெல்ல மூன்று அயனிகளுக்குரியதை நோக்கி ஏறிவிடும். தாமதமாகப் படித்தவர் சேர்மத்தின் வாய்பாட்டையே தவறாக எழுதுவார். எனவே குளிர்ந்த நீரில் கரைத்து, கரைத்த கணத்திலிருந்தே நேரத்தைக் குறித்து, அளவுகளை வரைபடமாக்கிப் பூஜ்ஜிய நேரத்துக்கு நீட்டிப் பெறும் மதிப்பையே, அதே வெப்பநிலையில் அளந்த வேறு தெரிந்த உப்புகளோடு ஒப்பிட வேண்டும். பிரிந்த குளோரைடை வீழ்படிவாக்கிக் காட்டும் சில்வர் நைட்ரேட் சோதனையையும் உடன் செய்வது நல்லது, ஆனால் அதுவும் புதிய கரைசலில்தான் நம்பத்தக்கது.

நீரில் கரையாத சேர்மங்களுக்கு டைமெத்தில்ஃபார்மமைடு பயன்படுத்தலாம். அதில் இரண்டு அயனிகளுக்குரிய எல்லை 65 முதல் 90 வரைதான் என்பதால், நீருக்குரிய எண்களை அங்கே பொருத்தக்கூடாது.