ஹோட்டல் பில் ஏன் சிக்கியது

எங்கள் விற்பனைப் பையன்கள் பெங்களூரு போய் வந்து ஹோட்டல் பில் போட்டால் எங்கள் செலவுக் கணக்கு மென்பொருள் ஏற்கவே இல்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் தெரிந்தது, தங்கும் செலவுக்கு நான் வைத்த 2,500 ரூபாய் வரம்பு ஓர் இரவுக்கு அல்ல, மொத்த பில்லுக்கு என்று பதிவாகியிருந்தது. என் தப்புதான். அதை இரவுக் கணக்காக மாற்றி, வரம்பைத் தாண்டினால் 'தடு' என்று இருந்த அமைப்பை 'எச்சரி' ஆக்கினேன், இப்போது தாண்டினால் மேலாளர் காரணம் பார்த்து அனுமதிக்கிறார். ரொக்கத்துக்கு மட்டும் தடை அப்படியே இருக்கிறது: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு கழியாது. அப்புறம், கர்நாடக ஹோட்டல் போடும் ஜிஎஸ்டியைத் எங்கள் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவில் உள்ளீட்டு வரியாக (நாங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வதாக) எடுக்க முடியாது, அதையும் விதியில் சேர்த்தேன். பழைய பில்களை மறுபடி போடச் சொன்னேன், திட்டிக்கொண்டே போட்டார்கள்.