மாலை போட்டால் நிறுத்திவிடுகிறாரே, அவரா குடிநோயாளி?

எங்கள் பெரியப்பா ஒருநாளும் வேலைக்கு மட்டம் போட்டதில்லை. இஸ்திரி கலையாத சட்டை. சம்பளம் முழுசாகப் பெரியம்மா கைக்கு வந்துவிடும். தெருவில் அவர் தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. காலைக் காபி டம்ளரை மட்டும் இரண்டு கையாலும் பிடிப்பார். அப்படியும் டவராவில் வைக்கும்போது கடகடவென்று சத்தம் கேட்கும். "ராத்திரி தூக்கம் சரியில்லடா" என்பார். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக்கு விளங்க இருபது வருஷம் ஆனது.

சாக்கடை ஓரம் விழுந்து கிடப்பவர்தான் குடிநோயாளி, மற்றவரெல்லாம் 'சும்மா சாப்பிடுகிறவர்கள்' என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. 'ஆல்கஹாலிசம்' என்ற பெயரை 1849-ல் சுவீடன் மருத்துவர் மாக்னஸ் ஹூஸ் சூட்டினார். இன்று மருத்துவர்கள் சீட்டில் அந்தச் சொல்லை எழுதுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013 முதல் இதை 'மதுப் பயன்பாட்டுக் கோளாறு' என்கிறது. நினைத்ததைவிடக் கூடுதலாகக் குடிப்பது, குறைக்கப் பார்த்துத் தோற்பது, குடிக்கச் சொல்லி மனசு அரிப்பது, வீட்டில் சண்டை என்று தெரிந்தும் தொடர்வது, பழைய அளவு பத்தாமல் போவது, நிறுத்தினால் நடுங்குவது என்று மொத்தம் 11 அறிகுறிகள். ஒரு வருஷத்துக்குள் 2 இருந்தாலே கோளாறுதான். 2, 3 என்றால் லேசு. 4, 5 நடுத்தரம். 6 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. தினமும் குடிக்கிறாரா, என்ன பிராண்ட், எத்தனை ரவுண்டு என்பதெல்லாம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

அடுத்தது நம்மூருக்கே உரிய வாதம். "கார்த்திகையில மாலை போட்டா 48 நாள் தொடவே மாட்டார். அடிமைன்னா அது எப்படி முடியும்?" முடியும். கொஞ்ச நாள் நிறுத்துவது பலருக்கும் கைவந்ததுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022-ல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, மதுச் சார்புக்கு, அதாவது குடிக்கு அடிமையாவதற்கு, மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: குடியின் மேல் பிடி தளர்ந்துவிட்டதா, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அது முன்னால் வந்துவிட்டதா, உடம்பு அதற்குப் பழகிவிட்டதா. மூன்றில் இரண்டு இருந்தால் போதும். எனவே விரத நாட்களை எண்ணிப் புண்ணியமில்லை. மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் 'ஒரு கட்டிங்' என்று உட்கார்ந்தவர் எப்போது எழுந்தார் என்று பாருங்கள்.

"பீர்தானே" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம் என்றிருக்கும். அதில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். ஒரே உட்காரலில் 60 கிராம் உள்ளே போனால் அது மிதமிஞ்சிய குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆக, நாம் 'சின்ன பாட்டில்' என்கிறோமே, அது ஒன்றே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் 41 கிராம். இரண்டு பாட்டில் குவார்ட்டரைத் தாண்டிவிடும். "எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா இருப்பான்" என்பதும் பெருமை இல்லை. உடம்பு பழகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

உயிருக்கு உலைவைக்கும் தவறுகள் இரண்டு உண்டு. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவரை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்த வைப்பது ஒன்று. கடைசியாகக் குடித்து ஒரு நாள் ஆவதற்குள் நடுக்கம், வியர்வை தொடங்கும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். கால் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் "சுவத்துல பூச்சி ஊருது" என்று ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிவார். வீட்டார் காத்துக் கருப்பு என்று மந்திரிக்க ஆள் தேடுவார்கள். சேர்க்கும்போதே "தினமும் குடிப்பார் டாக்டர்" என்று சொல்லியிருந்தால் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் முன்கூட்டியே போட்டு இதைத் தடுத்திருக்கலாம். கௌரவம் பார்த்து மறைக்கிற இடமா அது?

மற்றது, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மருந்து கலப்பது. பஸ் ஸ்டாண்டுச் சுவர் விளம்பரங்களை நம்பி எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்! அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் மாத்திரையைப் பொடித்துக் கலந்தாலும் ஆபத்துதான். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். சாப்பிடுகிறவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்குக் கூப்பிடலாம். கட்டணமில்லாத தேசிய உதவி எண்.

பெரியப்பாவை ஒருவழியாக மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, 'நீங்க குடிகாரரா' என்று அவர் கேட்கவில்லை. பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளை எடுத்தார். உலக சுகாதார நிறுவனம் தயாரித்தது, பெயர் 'ஆடிட்'. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டும். ஒன்பது கேள்விக்கும் பெரியப்பா நிதானமாகப் பதில் சொன்னார். பத்தாவது: உறவினரோ நண்பரோ டாக்டரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்களா, குறைக்கச் சொன்னார்களா?

"அப்படி யாரும் சொன்னதில்லையே" என்றார்.

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பெரியவ கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.